பேரேட்டில் ஏழு தோல்விகள்

(லிங்கராஜபுரத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவத்தையோ சிலம்பையோ பற்றிப் பேசுவது வழக்கம். அத்தகு புலமை எமக்கு இல்லை. பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர் தேர்வெழுதிக் குமாஸ்தாவாகிச் சம்பளப் பட்டியல் எழுதி வருபவர் யாம். ஜோலார்பேட்டையில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இவ்வூர் வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உங்களிடையே வாழ்ந்து வருகிறோம். "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எமக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றுதான். புகைப் பழக்கத்தை விட முயன்று தோற்பது எப்படி என்பதே அது.

சிகரெட்டைத் தூய தமிழில் வெண்சுருட்டு என்பார்கள். எம்மொழியில் அழைத்தாலும் அதன் குணம் மாறுவதில்லை. பத்தொன்பதாம் வயதில் அது எம் விரலிடுக்கில் வந்து அமர்ந்தது. இப்போது எமக்கு வயது நாற்பத்தைந்து. இடைப்பட்ட காலத்தில் ஏழு முறை அதனைத் துறந்தோம். ஏழு முறையும் மீண்டும் அதன் காலில் விழுந்தோம்.

திருமணம் ஆன ஆண்டில் துறந்தது முதல் முறை. நான்கே நாட்கள் நின்றது. மகள் பிறந்த அன்று மருத்துவமனை வாசலிலேயே பெட்டியைக் கசக்கி எறிந்தது இரண்டாம் முறை. பெயர் சூட்டு விழாவுக்கு வந்த நண்பர்கள் அதனை முடித்து வைத்தார்கள். மூன்றாம் முறை சபரிமலைக்கு மாலை அணிந்து நாற்பத்தொரு நாட்கள் ஒரு சிகரெட்டும் தொடாமல் இருந்தோம். மாலையைக் கழற்றிய ஒரு மணி நேரத்திற்குள், தேநீர்க் கடை வாசலில் நின்று பற்ற வைத்தோம். 'லைட்' என்னும் பெயருடைய சிகரெட்டுக்கு மாறிப் பார்த்தது நான்காம் முறை. மென்மையானது என்று எண்ணி முன்னிலும் ஆழமாக இழுத்தோம், கெடுதி குறையவில்லை. புத்தாண்டுச் சபதம் ஐந்தாவது. பீடியோடு வாழ்நாளைக் கழித்த எம் தந்தையார் மூச்சுத் திணறி மறைந்தபோது எடுத்த சபதம் ஆறாவது. சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே அது முறிந்தது. இதனைச் சொல்ல நாணுகிறோம். எனினும் சொல்லியே ஆக வேண்டும்.

ஏழாம் முறை கடந்த ஆண்டு நிகழ்ந்தது. எம் மகள், பதின்மூன்று வயதுச் சிறுமி, யாம் புகைக்காத ஒவ்வொரு நாளுக்கும் நாட்காட்டியில் ஒரு குறியிட்டு வந்தாள். பதினாறு குறிகள் விழுந்தன. பதினேழாம் நாள் மாதக் கடைசி. பட்டியல் முடிக்க இரவு நெடுநேரம் ஆயிற்று. உடன் பணிபுரிவோர் ஒருவர் பெட்டியை நீட்டினார். வீட்டினுள் நுழைந்ததும் சட்டையின் வாடை எம்மைக் காட்டிக் கொடுத்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து வரும்போது புதிய தீப்பெட்டி ஒன்றை வாங்கி வந்து எம் கையில் வைத்தாள். "அப்பா, சாமி மாடத்துத் தீப்பெட்டியை இனிமேல் எடுக்காதீர்கள். விளக்கேற்றும்போது அம்மா தேடுகிறார்கள். இது உங்களுக்கு" என்றாள்.

பெருமக்களே! அவள் அழுதிருந்தால் தேற்றியிருப்போம். சினந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்போம். அவள் நம்பிக்கையை விட்டுவிட்டாள். நுரையீரல் கெடுவதை ஊடுகதிர்ப் படம் காட்டும். வீட்டில் நம் சொல்லின் மதிப்பு கெடுவதை அத்தீப்பெட்டி காட்டிற்று.

அன்றிரவு உறக்கம் வராமல், சிகரெட்டுப் பெட்டியைக் கையில் புரட்டிக் கொண்டிருந்தோம். அச்சமூட்டும் படத்தின் கீழே 1800 11 2356 என்றோர் எண் அச்சிடப்பட்டிருந்தது. 2018 செப்டம்பர் முதல் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண் வர வேண்டும் என்பது அரசின் ஆணை. ஊரார் சம்பளக் கணக்கில் ஓர் இலக்கம் பிசகினால் கண்டுபிடிக்கும் யாம், நாள்தோறும் பத்து முறை கையில் எடுத்த பெட்டியின் எண்ணை ஆண்டுக் கணக்கில் படிக்கவில்லை.

அது புகையிலையை விட விரும்புவோர்க்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது. தில்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2018-இல் நம் ஊர் நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நிலையங்களுக்கும் விரிந்து, தென்னக மொழிகளிலும் பேச வழி பிறந்தது. மறுநாள் அழைத்தோம். தமிழிலேயே ஓர் அம்மையார் பேசினார்கள். "ஏழு முறை தோற்றுவிட்டேன், அம்மா" என்றோம். "ஏழு முறை விட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில், எந்த வேளையில், யாருடன் இருந்தபோது மீண்டும் தொடங்கினீர்கள்?" என்று கேட்டார்கள்.

இருபத்தாறு ஆண்டுகளில் எம்மிடம் எவரும் கேட்காத கேள்வி அது. யாமும் எம்மைக் கேட்டுக் கொண்டதில்லை. குமாஸ்தா அல்லவா? ஒரு தாளில் கோடு கிழித்து, நாள், இடம், வேளை, உடனிருந்தோர் என்று நான்கு பத்திகள் வகுத்து ஏழு தோல்விகளையும் பதிந்தோம். உண்மை பளிச்சென்று தெரிந்தது. ஏழில் ஐந்து தேநீரோடு வந்தவை. ஆறு பிறர் கையிலிருந்து வாங்கியவை. வீட்டில் தனித்திருந்தபோது விழுந்தது ஒருமுறைகூட இல்லை. எம் மனம் முழுவதும் வலுவற்றது என்று இத்தனை காலம் எண்ணியிருந்தோம். நாற்பத்தொரு நாட்கள் நின்ற மனம் வலுவற்றதாகுமா? விரதம் முடியும் நாளுக்கு மறுநாள் என்ன செய்வது என்பதை எண்ணாமல் விட்டதே பிழை.

மன உறுதி ஒன்றே போதும் என்போர்க்கு ஒன்று சொல்வோம். மனத்தையே ஆராய்ந்த அறிஞர் சிக்மண்டு பிராய்டு சுருட்டை விடப் பலமுறை முயன்றார். 1923-இல் அவர் வாயில் புற்றுநோய் கண்டது. அதன் பின் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளைத் தாங்கினார். ஆனால் சுருட்டை விட இயலவில்லை. 1939-இல் மறைந்தார். அறிவில் குறைந்தவரா அவர்? புகையை இழுத்த சில நொடிகளில் நிகோட்டின் மூளையை எட்டுகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக் கொள்கிறது. ஆதலின் நிறுத்தியதும் எரிச்சல், உறக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் தோன்றுகின்றன. முதல் சில நாட்களே மிகக் கடுமையானவை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிகின்றன. ஒவ்வொரு வேட்கையும் அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் அடங்குகிறது. இது தெரிந்திருந்தால் முதல் முறை நான்காம் நாளில் சரணடைந்திருக்க மாட்டோம்.

எம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறலாம். குலேமிலிருந்து காசில்ராக்குக்கு ஏறும் மலைப்பாதையில், 37 அடி தூரத்திற்கு ஓர் அடி ஏற்றம் உண்டு. அங்கே வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கென்று துணை எஞ்சின்களை இணைப்பார்கள். இரயில்வேயில் அவற்றைப் பாங்கர் என்பார்கள். முன் எஞ்சின் கையாலாகாதது என்று எவரும் சொல்வதில்லை. ஏற்றம் அப்படிப்பட்டது. யாம் ஏழு முறையும் துணை எஞ்சின் இன்றியே மலையேற முயன்று, பாதி வழியில் பின்னோக்கி உருண்டோம்.

எட்டாம் முறை சபதம் செய்யவில்லை, ஏற்பாடு செய்தோம். மாதக் கடைசியைத் தவிர்த்து நாள் குறித்தோம். "முதல் வாரம் எரிந்து விழுவேன், பொறுத்துக்கொள்" என்று இல்லாளிடம் முன்னரே சொன்னோம். தேநீருக்குப் பதில் மோர் அருந்தினோம். மேம்பாலத்தின் அடியிலுள்ள பெட்டிக் கடையைத் தவிர்க்க, காலையில் சுற்று வழியே நடந்தோம். அலுவலக நண்பர்களிடம், "எனக்கு நீட்டாதீர்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள்" என்று வேண்டினோம். மருத்துவரின் அறிவுரைப்படி நிகோட்டின் மெல்லு பசையைச் சில வாரங்கள் பயன்படுத்தினோம். சட்டைப் பையில் ஏலக்காயும் வறுத்த பட்டாணியும் இருந்தன.

ஆயினும் பத்தொன்பதாம் நாள் இடறினோம். ஓய்வு பெறும் நண்பர் ஒருவரின் விருந்தில் பாதிச் சிகரெட்டு புகைத்தோம். முன்னெல்லாம் என்றால், "போயிற்று, எல்லாம் போயிற்று" என்று ஒரு பெட்டியே வாங்கியிருப்போம். இம்முறை மீதிப் பாதியை அணைத்துவிட்டு, மறுநாள் காலை அதே எண்ணை அழைத்தோம். "பேரேட்டில் எழுதிவிட்டு மேலே நடங்கள்" என்றார்கள். இடறுவது வேறு, விழுந்து கிடப்பது வேறு என்பதை அன்றுதான் கற்றோம். அதன் பின் ஏழு மாதங்கள் கழிந்துள்ளன. வென்றுவிட்டோம் என்று சொல்லத் துணியவில்லை. இன்று புகைக்கவில்லை, அவ்வளவே.

இந்த வயதில் விட்டுப் பயன் என்ன என்று கேட்போர் உளர். இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் பிராட்போர்டு ஹில்லும் 1950-இல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1951-இல் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக் கொண்டனர்; ஐம்பது ஆண்டுகள் கணக்கெடுப்பு தொடர்ந்தது. 2004-இல் வெளியான முடிவு இது: முப்பது வயதில் விடுவோர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளும், நாற்பதில் விடுவோர் ஒன்பதும், ஐம்பதில் விடுவோர் ஆறும், அறுபதில் விடுவோர் மூன்றும் ஆயுளில் திரும்பப் பெறுகின்றனர். டாலும் புகைத்தவரே, தம் ஆய்வு கண்டதைப் பார்த்துத் தாமும் விட்டவர். ஆதலின் எந்த வயதும் பிந்திய வயதன்று.

இறுதியாகச் சில வேண்டுகோள்கள். தாய்மார்களே, விட முயல்பவரிடம் "எத்தனையாவது தடவை?" என்று ஏளனம் செய்யாதீர்கள், எந்த இடத்தில் விழுந்தார் என்று கேளுங்கள். நண்பர்களே, விட்டவரிடம் "ஒன்றே ஒன்று" என்று நீட்டாதீர்கள்; அந்த ஒன்றில்தான் யாம் ஆறு முறை வீழ்ந்தோம். தந்தையரே, பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிச் சிகரெட்டு வாங்கி வரச் செய்யாதீர்கள். சிறுவரிடம் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சிறு கைகளுக்கு அது வழி காட்டவும் செய்யும். இளைஞர்களே, தொடங்காதிருப்பது எளிது. விடுவது இருபத்தாறு ஆண்டு வேலை. விழாப் பந்தலின் பின்புறம் இப்போது நின்று புகைக்கும் அன்பர்களே, உங்களைக் குறை கூற எமக்குத் தகுதி இல்லை. கையிலுள்ள பெட்டியைத் திருப்பி, அந்த எண்ணை மட்டும் படியுங்கள்.

எம் மகள் வாங்கித் தந்த தீப்பெட்டியை இப்போது சாமி மாடத்தில் வைத்திருக்கிறோம். மாலைதோறும் அதிலிருந்தே விளக்கேற்றப்படுகிறது. நாட்காட்டியில் மட்டும் அவள் இன்னும் குறியிடத் தொடங்கவில்லை. அது அவள் உரிமை. யாம் கேட்கவும் மாட்டோம். அவள் தானாக எழுதுகோலை எடுக்கும் நாள் வரை, ஒவ்வொரு நாளாகக் கணக்கை நேர் செய்து வருவோம்.