நின்றிருக்கும் லாரிக்கு எண்ணெய் மாற்றுவது எப்போது?

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் அறுவடைக்கென்றே வாங்கி வைத்திருக்கும் லாரிகள் சில உண்டு. குறுவை அறுவடையில் சில வாரங்கள், தை மாசியில் சம்பா அறுவடையின்போது சில வாரங்கள். அவ்வளவுதான் அவற்றுக்கு வேலை. எஞ்சிய நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். ஆண்டு முழுவதும் சேர்த்து 1500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இத்தகைய வண்டிக்கு எஞ்சின் எண்ணெயை எப்போது மாற்றுவது?

"இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை என்றுதானே புத்தகத்தில் போட்டிருக்கிறது? அந்தக் கணக்கு நிறைய இன்னும் பத்து வருஷம் ஆகுமே!" என்பார் உரிமையாளர். "கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள் ஐயா, வருஷம் தவறாமல் மாற்றிவிடுங்கள்" என்பார் மெக்கானிக். பத்து லிட்டருக்கு மேலும் எண்ணெய் கொள்ளும் எஞ்சின், செலவு சிறிதன்று. மாற்றாமல் விட்டுப் பேரிங்குகள் அரித்துப் போனால் வரும் செலவோ அதனினும் பன்மடங்கு. இருவரில் யார் கூறுவது சரி? வேதியியல் வகுப்பில் நீங்கள் கற்றதைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

டீசல் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் கூடி நீராகிறது. எவ்வளவு நீர்? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது! நம் லாரி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். 1500 கிலோமீட்டருக்கு 300 லிட்டர் டீசல். ஆகவே ஏறத்தாழ 300 லிட்டர் நீர். இதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. ஆனால் பிஸ்டன் வளையங்களின் ஓரமாகச் சிறிதளவு வாயு எப்போதும் கீழே நழுவி எண்ணெய்த் தொட்டியை அடைகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அந்த ஆவி தங்காமல் மூச்சுக் குழாய் வழியே வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் நீராகி எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் உட்புறத்தில் சில வேளை தயிர்போல் வெண்மையான படிவு தென்படும். பெரும்பாலும் அது இவ்வாறு வந்த நீர்தான்.

நீரோடு அமிலமும் வருகிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக அமிலத்துக்கு வித்தாகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் பெருஞ்சூட்டில் ஆக்சிஜனோடு கூடி நைட்ரிக் அமிலத்துக்கு வழிசெய்கிறது. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் டீசலில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருத்தலாகாது என்பது விதி. அதற்கு முந்திய தரத்தில் 50 வரை இருந்தது. ஆகவே கந்தகத்தின் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் மற்ற அமிலங்கள் போகவில்லை. அவற்றை முறிப்பதற்கென்றே எண்ணெயில் காரப் பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றுப் புளிப்புக்கு நாம் மருந்து உண்பதில்லையா, அதுபோல. இந்தக் காரம் பயன்படப் பயன்படக் குறையும். அது தீர்ந்த எண்ணெய் தொட்டுப் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். உலோகத்தைக் காக்கும் ஆற்றல்தான் இராது.

இப்போது இரண்டு லாரிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று தஞ்சையிலிருந்து திருச்சிக்கு நெல் ஏற்றிச் செல்கிறது. ஒரு முறைக்கு 55 கிலோமீட்டர். மற்றொன்று வயலிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொள்முதல் நிலையத்துக்குச் சென்று, அங்கே எஞ்சின் ஆறும்வரை காத்து நின்று திரும்புகிறது. இரண்டும் ஆண்டில் 1500 கிலோமீட்டரே ஓடின. முதல் வண்டிக்கு அது 27 பயணம். இரண்டாவதற்கோ 500 பயணம்! முதல் வண்டியின் எண்ணெய் ஒவ்வொரு முறையும் நன்கு சூடேறி நீரை உதறிவிட்டது. இரண்டாவதன் எண்ணெய்க்கு அந்த வாய்ப்பே கிட்டவில்லை. மைல்கல் இரண்டுக்கும் ஒரே கணக்கைத்தான் காட்டும். எண்ணெயின் நிலையோ வேறு வேறு. எனவேதான் வண்டிப் புத்தகங்களில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் கொடுத்து, எது முந்துகிறதோ அதைக் கொள்க என்று எழுதியிருப்பார்கள். உரிமையாளர் படித்தது அந்த வாக்கியத்தின் முற்பாதியை மட்டுமே.

"வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் வண்டி நன்றாக இருக்கும்" என்று சிலர் செய்து வருகிறார்கள். பாட்டரிக்குக்கூட அதனால் பெரிய நன்மை இல்லை, எண்ணெய்க்கோ தீமைதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீரை உள்ளே சேர்த்துவிட்டு, அது வெளியேறுமுன் நிறுத்திவிடுகிறோம் அல்லவா? சுமையின்றி நின்றபடி ஓடும் டீசல் எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடிக்கும். முள் காட்டுவது நீரின் சூட்டை. எண்ணெய் அதற்குப் பின்னரே சூடாகும். ஓட்டுவதானால் மாதம் ஒரு முறை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுக. இல்லையேல் சும்மா நிற்க விடுக.

எண்ணெய் கறுத்துவிட்டது என்பதை வைத்து முடிவு செய்வதும் பிழை. டீசல் எஞ்சினில் ஊற்றிய புது எண்ணெய் மிக விரைவில் கறுத்துவிடும். புகைக்கரியைப் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்வது அதன் கடமை. கறுப்பு அக்கடமையைச் செய்வதன் அடையாளம். பார்க்கத் தக்கது வேறு. அளவுக் கம்பியில் எண்ணெயின் மட்டம் உயர்ந்திருக்கிறதா? எண்ணெய் தானே பெருகாது. நீரோ டீசலோ கலந்திருக்க வேண்டும். வடிதாளில் ஒரு துளி விட்டு ஓரிரவு வைத்துப் பாருங்கள். கரி சீராகப் பரவியிருந்தால் எண்ணெயின் ஆற்றல் இன்னும் இருக்கிறது. நடுவில் அடர்ந்த கரும்பொட்டாக நின்று சுற்றிலும் வெறும் வளையமாகப் பிரிந்தால் அது களைத்துவிட்டது. கல்லூரிச் சோதனைச்சாலை இருந்தால் எஞ்சியுள்ள காரத்தையே அளந்துவிடலாம்; புதிதில் இருந்ததில் பாதியாகிவிட்டால் மாற்றலாம் என்பது பலரும் கைக்கொள்ளும் அளவு.

இத்தனை சோதனையும் செய்ய எல்லோராலும் இயலாது. எனவே என் கருத்து மெக்கானிக்கின் பக்கமே: ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது தகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது வெறும் அச்சம். ஆனால் ஆண்டில் எந்த நாள் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வண்டியை வெளியே எடுக்கும்போது மாற்றுவது வழக்கம். அப்படியானால், அமிலமும் நீரும் கலந்த பழைய எண்ணெய் நின்ற மாதங்களிலெல்லாம் பேரிங்குகளைத் தழுவிக்கொண்டு கிடந்தது என்றுதானே பொருள்? சம்பா அறுவடை முடிந்து கடைசிச் சுமையை இறக்கிவிட்டு வந்த அன்றே, எஞ்சின் சூடாக இருக்கையில் மாற்றிவிட வேண்டும். சூட்டில் அழுக்கும் எண்ணெயோடு ஓடி வடியும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவசியம். வடிகட்டியையும் உடன் மாற்றி, புது எண்ணெய் எங்கும் பரவும்படி எஞ்சின் சூடேறச் சிறிது தூரம் ஓட்டிய பிறகு கொட்டகையில் நிறுத்தலாம்.

வடித்த எண்ணெயைக் கறையான் வாராதிருக்கக் கம்பங்களில் பூசுவதும், வாய்க்கால் கரையில் கொட்டுவதும் இன்னும் சில ஊர்களில் உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது தீங்கு தரும் கழிவு. மூடியுள்ள கலத்தில் பிடித்து வைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையிடம் சேர்ப்பித்துவிட வேண்டும்.