மேய்ப்பர் மறைந்த பின்



ஒரு குடும்பத் தலைவர் மறைந்தால் அக்குடும்பத்தார் அழுகின்றனர். சில நாட்கள் கழிந்ததும் வயலையும் மாட்டையும் பார்க்க எழுந்து விடுகின்றனர். ஆனால், பல்லாயிரம் குடும்பங்கள் தந்தையெனக் கொண்டாடிய ஒருவர் மறையும்போது துயரத்தோடு கேள்வியொன்றும் பிறக்கின்றது. இனி எமக்காகப் பேசுவார் யார் என்பதே அக்கேள்வி. வன்னி மண்ணிலே அக்கேள்வி எழுந்த ஒரு வேளையைக் குறித்தே இன்று உங்களோடு உரையாட விரும்புகின்றேன்.

மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராக விளங்கிய இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். அன்று பெரிய வியாழன். இயேசு பெருமான் தம் சீடரின் பாதங்களைக் கழுவி, தம் பணியை அவர்கள் கையில் ஒப்படைத்ததைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அது. உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுநாள், ஏப்ரல் 5ஆம் திகதி, மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். கண்ணீர் வடித்தோர் கத்தோலிக்கர் மட்டுமல்லர். செபமாலை பிடித்த கைகளோடு திருநீறு பூசிய நெற்றிகளும் அன்று துயரத்திற் பங்கு கொண்டன.

இவ்வன்பு எவ்வாறு விளைந்தது? அவர் 1940ஆம் ஆண்டு நெடுந்தீவிலே பிறந்தவர், 1967இல் குருவானவர், 1992இல் மன்னாரின் ஆயரானவர். யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து 1981இல் பிரிக்கப்பட்ட மன்னார் மறைமாவட்டம், மன்னார், வவுனியா ஆகிய இரு நிருவாக மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்டது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இன்றும் யாழ்ப்பாண ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டவையே. எனினும் அவ்விரு மாவட்டத்து மக்களும் அவரைத் தம்மவராகவே கருதினர். அவர் ஆயராயிருந்த காலத்திலே போர்முனையின் கோடு அவருடைய மறைமாவட்டத்தின் ஊடாகவே ஓடிற்று. 1999ஆம் ஆண்டு நவம்பரில், மடுத் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் எறிகணைக்கு இரையாகினர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் மடு அன்னையின் திருச்சுரூபமே மக்களைப் போல இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. 2009இல், வன்னியின் மக்கள் ஏறத்தாழ முழுவதுமாக வவுனியா, செட்டிகுளத்து முகாம்களின் கம்பிவேலிக்குள் வந்து சேர்ந்தனர். அவ்வேலிகள் அமைந்த நிலமும் அவருடைய மறைமாவட்டமே.

2011ஆம் ஆண்டு சனவரியில் அவர் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றி ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 யூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு நேர்ந்தது யாது என்பதைத் தெளிவுபடுத்துமாறு அவர் வேண்டினார். அரசாங்கத்தின் ஏட்டிலிருந்த எண்களைக் கொண்டே கழித்தற் கணக்கொன்றைச் செய்து, விடையை அரசாங்கத்திடமே கேட்டார்.

இனி, அவருக்குப் பின் நிகழ்ந்ததைப் பார்ப்போம். எழுபத்தைந்து வயது நிரம்பிய ஆயர் தம் பதவி விலகலைப் பாப்பரசரிடம் சமர்ப்பித்தல் திருச்சபையின் விதி. நோயுற்றிருந்த இராயப்பு ஆண்டகையின் விலகல் 2016 சனவரியில் ஏற்கப்பட்டது. திருகோணமலையின் ஆயராயிருந்து ஓய்வு பெற்ற கிங்ஸ்லி சுவாம்பிள்ளை ஆண்டகை சிறிது காலம் பரிபாலகராக இருந்தார். 2017 நவம்பரில், கொழும்பின் துணை ஆயராயிருந்த இம்மானுவேல் பெர்னாண்டோ ஆண்டகை மன்னாருக்கு நியமிக்கப்பட்டார். ஆகவே, 2021இல் இராயப்பு ஆண்டகை மறைந்தபோது அவருடைய ஆசனம் வெறுமையாய் இருக்கவில்லை. இருந்தும் மக்கள் அநாதைகளாகி விட்டாற்போலக் கலங்கினர். ஏன்?

ஆசனம் வேறு, அன்பு வேறு என்பதே இதற்கு விடையாகும். ஆசனத்துக்கு உரியவரை உரோமாபுரி தெரிந்தனுப்பும். அதற்கு விதியும் முறையும் உண்டு. அன்பையும் நம்பிக்கையையும் எந்த ஆணைப் பத்திரமும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றித் தர இயலாது. அவை ஆண்டாண்டு காலமாக, இழவு வீட்டிலும் முகாம் வாயிலிலும் சிறிது சிறிதாகச் சேர்பவை. பெரும்பாலும் தலைவரின் மறைவும் அடுத்தவரின் வருகையும் ஒன்றையொன்று தொட்டு நிகழ்வதால் நாம் இரண்டையும் குழப்பிக் கொள்கிறோம். மன்னாரிலோ ஐந்து ஆண்டுகள் இடைவெளி விழுந்தமையால் அவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று.

இவ்வேறுபாட்டை உணராதவிடத்துப் பின்வருபவருக்கு அநீதி இழைத்து விடுகிறோம். எங்கள் பாடசாலைகளில் இதனை அடிக்கடி காணலாம். நெடுங்காலம் இருந்த அதிபர் ஓய்வு பெற்றுச் செல்வார். புதியவர் வந்த முதல் வாரமே ஒப்பீடு தொடங்கிவிடும். பழையவர் காலையில் வாயிலில் நின்றார், இவர் நிற்பதில்லை. பழையவர் உரத்துப் பேசினார், இவர் மெல்லப் பேசுகின்றார் என்பார்கள். புதியவர் பழையவரைப் போல நடந்தாலோ, போலி என்று நகைப்பார்கள். பாவம், அவர் எவ்வழியிற் செல்வார்? போர்க்காலத்து ஆயருக்கு வாய்த்த பணி ஒன்று. போருக்குப் பிந்திய காலத்து ஆயருக்கு வாய்த்த பணி பிறிதொன்று. முன்னவரை நேசிப்பதற்குப் பின்னவரைக் குறைத்துப் பேசவேண்டிய தேவை இல்லை.

வன்னித் திருச்சபையின் வரலாறும் இதற்கு நல்லதொரு பாடம் தருகின்றது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின் குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டது. 1687இல் யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மேய்ப்பரின்றி மந்தை வாழ்ந்தது. ஆயினும் அது சிதறிப் போகவில்லை. மூப்பரும் அண்ணாவிமாரும் செபம் சொல்லிக் கொடுத்தனர். மாந்தையிலிருந்து அன்னையின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள்ளே புகுந்தவர்கள், மருதமடுவில் அதனை நிறுவிக் காத்தனர் என்பது நம் மரபு. சுமந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் ஆயருமல்லர், குருவுமல்லர், ஊர்ச் சனங்கள். யோசேவாஸ் அடிகளாரும் 1711இல் கண்டியிலே மறைந்தார். அவருடன் உழைத்த குருமாரும், அவர் பழக்கிவைத்த பொதுமக்களும் அப்பணியை முன்னெடுத்தனர். 2015 சனவரி 14ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பிலே அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அதே நாள் மடுவுக்கு வந்தபோது, அங்கே ஆயராயிருந்து வரவேற்றவர் இராயப்பு ஆண்டகையே.

ஆதலால், இனி எமக்காகப் பேசுவார் யார் என்று கேட்பதை விட, அவர் விட்டுச் சென்றவற்றுள் எம்முடைய பங்கு யாது என்று கேட்பதே தகும். ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நாள்தோறும் வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கின்றார். ஒரு பிள்ளை வராவிட்டால் அப்பெயரை வெட்டி விடுவதில்லை. வரவில்லை என்று குறித்து, பக்கத்து வாங்கிற் பிள்ளையிடம் காரணம் கேட்கின்றார். ஆண்டகை அவர்கள் ஆணைக்குழுவின் முன் செய்ததும் இதுவே. ஆனால், அவர் சொன்னது தொகை. தொகைக்குள் அடங்கிய பெயர்களை அறிந்தவர்கள் அவ்வப் பங்கிலும் அவ்வக் கிராமத்திலும் உள்ள மக்கள். பெயர், வயது, ஊர், இறுதியாகக் கண்ட இடம் ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி வைத்தலுக்கு ஆயரின் செங்கோல் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் நேர்மையான கையும் போதும். கோயிற் சபையும் வாசிகசாலையும் பாடசாலையும் சேர்ந்தால் அது முடியாத காரியமன்று. அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

மன்னார் மறைமாவட்டத்துக்கு 2024ஆம் ஆண்டின் இறுதியில் அந்தோனிப்பிள்ளை ஞானப்பிரகாசம் ஆண்டகை ஆயராக நியமிக்கப்பட்டார். இராயப்பு ஆண்டகையின் நிழல் அவர்மீதும் விழவே செய்யும். அந்நிழலை அவருக்குப் பாரமாக்குவதும், நாம் எல்லோரும் இளைப்பாறும் மரநிழலாக்குவதும் மக்களாகிய நம் கையிலேயே உள்ளன. மறைந்தவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவோர், வந்தவருக்கு நாலு ஆண்டுகள் அவகாசமும் கொடுப்பார்களாக. முன்னவர் சுமந்த சுமையில் ஒரு முனையைத் தாமும் பிடிப்பார்களாக.