புகையும் சிக்கனமும்



சில காலத்திற்கு முன் நாமக்கல்லில் ஒரு லாரி ஓட்டுநரோடு உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர் தம் புதிய வண்டியின் புகைக்குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியைத் துடைத்துக் காட்டினார். கறை படியவில்லை. “கரி போயிற்று, ஐயா. அதனோடு மைலேஜும் போயிற்று” என்றார். இக்குறையில் உண்மை எவ்வளவு என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

டீசல் யந்திரத்தின் பெருமையே சிக்கனந்தான். ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய யந்திரம், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அந்நாளைய நீராவி யந்திரங்களுள் பல 10 பங்கை எட்டவே திணறின. இதன் இரகசியம் யாது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். டீசல் யந்திரம் காற்றை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. அக்காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்க, அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தீப்பொறியின்றித் தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சூடு; அதற்கேற்ற சிக்கனம்.

தொல்லையும் அங்கேதான் பிறக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக யாரோடும் சேராத அந்தச் சாது, சுவாலையின் கடுஞ்சூட்டில் பிராணவாயுவோடு கூடி, நுரையீரலை அரிக்கும் நச்சுவாயுவாகிறது. அதைக் குறைக்கப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் யந்திரத்துக்குள் செலுத்திச் சூட்டைத் தணித்தார்கள். நச்சுவாயு குறைந்தது, கரி மிகுந்தது! கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வைத்தார்கள். அது அடைத்துக்கொண்டால் சுமார் 600 டிகிரிச் சூட்டில் கரியை எரித்தாக வேண்டும். அதற்கும் செலவாவது டீசலே. ஓட்டுநரின் குறை வெறும் கற்பனையன்று.

இச்சங்கடத்தை மறைக்கச் சூது செய்தவர்களும் உண்டு. வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் சோதனைச்சாலையில் மட்டும் தூய்மையாக நடந்துகொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தன என்பது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. சாலையிலோ அவை வரம்பைப்போல் 40 மடங்குவரை நச்சுவாயுவைக் கக்கின. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அவ்வமைப்பு இருந்ததென்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. கணினியை இத்தனை திறமையோடு ஏமாற்றப் பழக்கியவர்கள், அத்திறமையை நேர்வழியில் செலுத்தியிருக்கலாகாதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நேர்வழி இல்லாமலும் இல்லை. யந்திரத்தைச் சூடாகவே எரியவிட்டு, வெளியேறும் புகையில் யூரியாக் கரைசலைத் தெளிப்பது அது. யூரியா அம்மோனியாவாக மாறி, நச்சுவாயுவை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரித்துவிடுகிறது. சிக்கனம் பெரும்பாலும் காக்கப்படுகிறது. யூரியாவுக்குத் தனிச் செலவு உண்டு. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது டீசல் கார்களின் நச்சுவாயு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைந்தது. டீசலில் உள்ள கந்தகமும் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆயிற்று. கந்தகம் மிகுந்தால் இக்கருவிகள் கெட்டுவிடும்.

இவற்றையெல்லாம் அந்த ஓட்டுநரிடம் விளக்கினேன். பழைய வண்டி மிச்சப்படுத்திய பணத்தின் ஒரு பகுதியைச் சாலையோரத்தில் வாழ்வோர் இருமலாகச் செலுத்தி வந்தனர் என்றும் சொன்னேன். சற்று யோசித்தார். “யூரியா ஊற்றாவிட்டால் வண்டி மேடேற மறுக்கிறதே, அது எதற்கு?” என்று வினவினார். கரைசல் தீர்ந்தால் யந்திரத்தின் வலுவைக் கணினியே குறைத்துவிடும் என்றேன்.

“எனக்குத் தெரியும், ஐயா. தொப்பூர்க் கணவாயில் ஓர் இரவு முழுதும் நின்றிருக்கிறேன்” என்று சிரித்தார்.