துயில் எழுப்பும் தோழியர்



மார்கழித் திங்களில் வைகறைப் பொழுதிலேயே திருக்கோயில் நடை திறக்கப்பெறுகிறது. ஒலிபெருக்கியில் பாவைப் பாடல்கள் எழுகின்றன. தெருவில் ஒரு வீட்டின் வாயிலில் விளக்கொளியில் கோலம் மலர்கிறது. அடுத்த வீடு இருண்டு கிடக்கிறது. அவ்வீட்டில் உறங்குபவர் இறைநம்பிக்கை இல்லாதவர் அல்லர். 'நாளை நான்கு மணிக்கே எழுந்து நீராடிக் கோயிலுக்குச் செல்வேன்' என்று முதல்நாள் இரவு மனைவியிடம் உறுதி கூறிப் படுத்தவர்தாம். பாட்டு அவர் செவியில் விழத்தான் செய்கிறது. விழுந்தவுடன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்கிறார்.

இத்தகையோருக்கு உற்ற குறைக்கு மடி என்று பெயர். வள்ளுவப் பெருந்தகை மடியின்மையை 61ஆம் அதிகாரமாக அமைத்தார். அதனை அறத்துப்பாலில் வைக்காமல், பொருட்பாலில் அரசியலின்கண் வைத்தது நோக்கத்தக்கது. சோம்பல் ஒருவனோடு நின்றுவிடாது, அவன் பிறந்த குடியையே அழிக்கும் என்பது அவ்வதிகாரத்தில் பன்முறை வலியுறுத்தப்படும் கருத்து. குடும்பத் தலைவர் ஒருவர் சர்க்கரை நோயைப் பேணாது விட்டுக் காலில் புண் வந்து படுக்கையில் வீழ்ந்தால், அவர் ஒருவரா வீழ்கிறார்? கடை பூட்டிக் கிடக்கும். மகளின் திருமணம் தள்ளிப்போகும். மனைவி மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவுகளைக் கழிப்பார். நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் இந்நோய்க்கு ஆட்பட்டுள்ளனர் என்று 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. நோயின் வாயிற்படியில் நிற்போர் 13.6 கோடி. இவர்களுள் பலருக்கு நடக்க வேண்டும், உணவைக் குறைக்க வேண்டும் என்பது தெரியாததன்று. தெரிந்தும் எழாமை ஒன்றே குறை.

ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவை முப்பது பாடல்களை உடையது. அவற்றுள் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை, பத்துப் பாடல்கள், உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே சென்றுவிடுகின்றன. நூலில் மூன்றில் ஒரு பங்கு! கண்ணன் திருமாளிகையின் வாயிலை அடைவதற்கு முன்பே இத்துணை முயற்சி வேண்டியிருக்கிறது. இப்பத்துப் பெண்களும் ஆழ்வார்களைக் குறிப்பர் என்று கொள்ளும் மரபு வைணவத்தில் உண்டு. திருவெம்பாவையில் சத்திகள் ஒருவரை ஒருவர் எழுப்புகின்றனர் என்பர் சைவப் பெரியோர். அவ்வுட்பொருள்கள் போற்றத்தக்கனவே. ஆயினும் வெளிப்படையான பொருளையும் விட்டுவிடலாகாது. எழ இயலாத மனித உள்ளத்தை இவ்விரு நூல்களும் அறிந்த அளவுக்கு அறிந்த நூல்கள் சிலவே.

திருப்பாவையின் பதினான்காம் பாட்டில் உறங்குபவள் யார்? உங்களுக்கு முன்னே எழுந்து உங்களை வந்து எழுப்புவேன் என்று வாய்ப்பந்தல் போட்டவள். திருவெம்பாவையின் ஆறாம் பாட்டிலும் அவளே போன்ற ஒருத்தி இருக்கிறாள். நேற்றுச் சொன்ன சொல் இன்று எத்திசை போயிற்று என்று தோழியர் கேட்கின்றனர். இருவரும் பொய்யர் அல்லர். மாலையில் வாக்களித்த மனம் வேறு, வைகறைக் குளிரில் விழித்த மனம் வேறு. மாலை மனத்தை நம்பி ஏமாந்தவர்களே, 'எனக்கு மன உறுதி இல்லை' என்று தம்மை இகழ்ந்துகொண்டு முயற்சியையே கைவிடுகின்றனர். தோழியரோ நகைக்கிறார்கள், கடிகிறார்கள், ஆயினும் அவளை விட்டுவிட்டுப் போவதில்லை. முன்னே நீராடப் புறப்பட்டவர்களையும் தடுத்து நிறுத்தி அவளுக்காகக் காத்து நிற்கிறார்கள்.

உள்ளிருப்பவள் சொல்லும் சாக்குகளுள் ஒன்று இரு நூல்களிலும் வருகிறது. எல்லாரும் வந்துவிட்டார்களா என்பதே அது. இன்று, 'மழைக்காலம் கழியட்டும், பொங்கல் முடியட்டும், நல்ல காலணி ஒன்று வாங்கிக்கொண்டு தொடங்கலாம்' என்பவர்களும் இவ்வினத்தவரே. தோழியர் இதற்கு மறுமொழியாக நீண்ட அறிவுரை எதுவும் கூறவில்லை. நீயே வெளியே வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்கின்றனர். திருவெம்பாவையின் நான்காம் பாட்டில், எண்ணிக்கை குறைந்தால் திரும்பிப் போய் உறங்கு என்ற சலுகையும் உண்டு! என்ன நுட்பம்! நோன்பு முழுவதையும் அவளிடம் கேட்கவில்லை. வாசற்படி வரை வா என்று மட்டுமே கேட்கிறார்கள். எண்ணுவதற்காக வெளியே வந்து பனிக்காற்றில் நின்றவள் மீண்டும் படுக்கைக்குப் போவாளா? நடைப்பயிற்சி தொடங்க எண்ணுவோரும் ஒரு மணி நேரம் நடப்பதாகச் சூளுரைக்க வேண்டுவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் வந்து நின்றால் முதல் நாளைக்கு அதுவே போதும்.

நோன்பின் விதிகளோ திருப்பாவையின் இரண்டாம் பாட்டிலேயே வகுக்கப்படுகின்றன. விடியலில் நீராடுதல், நெய்யும் பாலும் விலக்குதல், மையும் மலரும் ஒழித்தல், புறங்கூறாமை, ஈதல். எண்ணிச் சொல்லத்தக்க சிலவே. பெரும்பாலும் அருகிலிருப்பவர் பார்த்தறியக் கூடியவை. 'இனி நலமாக வாழ்வேன்' என்பது விதி ஆகாது. 'இரவு உணவுக்குப் பின் தெருமுனை வரை நடப்பேன்' என்பது விதி.

இன்னொன்றும் காண்க. நெய் உண்ணோம் என்று தொடங்கிய நோன்பு, இருபத்தேழாம் பாட்டில், நெய் முழங்கை வழி ஒழுகும் பாற்சோற்றோடு நிறைவெய்துகிறது. உணவின்மீது பகையால் அந்நோன்பு நிகழவில்லை என்பதற்கு இது சான்று. (சர்க்கரை நோயுள்ள அன்பர்கள் கூடாரவல்லி அன்று அக்காரவடிசிலைச் சுவைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நாச்சியார் திருவுளத்துக்கும் உவப்பே. பொங்கல் பிரசாதத்துக்காகவே விடியலில் வருவோரைச் சிலர் எள்ளுவதுண்டு. அது தகாது, எதற்காயினும் எழுந்து வந்தார்கள் அல்லவா?)

முப்பது நாளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிடுமா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் இதனை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு இதழில் வெளியிட்டனர். நாள்தோறும் ஒரே சூழலில் செய்யும் ஒரு செயல் இயல்பாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமானதாயிருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடையே ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு விளையவில்லை என்பதும் அவர்கள் கண்டது. ஆகவே தை முதல் நாளோடு விடியல் நீராடலுக்கு விடைகொடுப்போர், விதை முளைக்குமுன் நீர் ஊற்றுவதை நிறுத்துகின்றனர். ஒரு மண்டலமாகிய 48 நாளும் பலருக்குப் போதாது. இரண்டு திங்கள் தாண்டினால் பலருக்கு உடல் தானே எழும்.

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பெரிய கோயில்களின் வெளிப்பிராகாரத்தை விறுவிறுப்பாக வலம் வரும் முதியோர் இதனை வேண்டுதலாகவே நிறைவேற்றிவிடுகின்றனர். திருநாவுக்கரசர் முதுமையிலும் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கியவர். முழங்கால் வலியும் நெஞ்சுநோயும் உடையோர் மருத்துவரைக் கேட்டு அளவு வகுத்துக்கொள்க. தனியே எழ இயலாதோர் அண்டை வீட்டாரிடம், 'காலையில் கதவைத் தட்டுங்கள்' என்று சொல்லி வைக்க நாணவேண்டியதில்லை. திருவாய்ப்பாடியிலும் அவ்வாறே நடந்தது.

பதினைந்தாம் பாட்டில் உள்ளிருப்பவள் கடைசியாக ஒரு சொல் எதிர்த்துப் பேசிவிட்டு எழுந்து வருகிறாள். அவள் பெயரை நாச்சியார் கூறவில்லை. பதினாறாம் பாட்டில் நந்தகோபன் மாளிகையின் வாயில் காப்போனை அழைத்துக் கதவைத் திறக்கச் சொல்லும் குரல்களுள் அவள் குரலும் ஒன்று.