தட்டச்சுப் பொறி கற்பிக்கும் பாடம்

 

வழக்கொழிந்த கருவிகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். வெள்ளி விழா மேடையில் பழம்பொருள்களுக்கு என்ன வேலை என நீங்கள் வினவலாம். நம் பிள்ளைகளின் பிழைப்போடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு.

1850-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே இந்நாட்டின் முதல் தந்திக் கம்பி இடப்பட்டது. 2013 ஜூலைத் திங்களில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் திறமையோ, தொலை அச்சுப் பொறி வந்தபோதே மதிப்பிழந்துவிட்டது. தட்டச்சுப் பொறியும் மறைந்தது. அதில் பெற்ற திறமை மறையவில்லை.

அமெரிக்கரான ஷோல்ஸ் உருவாக்கிய பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. இந்தியாவில் 1955-இல் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009-இல் உற்பத்தியை நிறுத்தியது.

நம் குடும்பங்களில் முதன்முதலாகப் பள்ளியிறுதி வகுப்பை எட்டியவர்களுக்கு இப்பொறி ஒரு வாயிலாக விளங்கிற்று. சொந்தமாக வாங்க இயலாதோர், மாதக் கட்டணம் செலுத்திப் பயிலகத்தில் நாளும் ஒரு மணி நேரம் பயின்றனர். நிமிடத்திற்கு 30 சொற்கள் எனில் இளநிலை; 45 எனில் முதுநிலை. விரலின் வேகத்தையும் பிழையின்மையையும் அளந்த அப்பொறி, எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று எவரையும் கேட்டதில்லை. அச்சான்றிதழோடு அரசு அலுவலகத்தில் அடியெடுத்து வைத்தோர் பலர்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. புதுக் கருவி முதலில் வசதியுள்ளோர் இல்லத்துக்கும், கடைசியில் நம் தெருவுக்கும் வருகிறது. நாம் அரிதின் முயன்று கற்று முடிக்கையில், உலகம் அடுத்த கருவிக்குச் சென்றுவிடுகிறது. கணினி பரவிய காலத்தில், தட்டச்சுச் சான்றிதழ் ஒன்றையே நம்பிக் காத்திருந்த பட்டதாரிகளை நான் அறிவேன். இன்று தமிழ்நாட்டில் தட்டச்சர் பதவிக்குத் தட்டச்சுத் தேர்ச்சியோடு கணினிச் சான்றிதழும் வேண்டும்.

எனினும் அவர்கள் கற்றது வீண்போகவில்லை. ரெமிங்டன் பொறியின் எழுத்து வரிசையே, சிறு மாறுதல்களோடு, கணினியிலும் கைப்பேசியிலும் அமைந்துள்ளது. பழைய தமிழ்த் தட்டச்சு முறையிலேயே கணினியில் எழுத இயலும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையையும் பழகிக்கொள்ளலாம். மின்னஞ்சலில் நகலைக் குறிக்கும் 'சிசி' என்னும் குறிகூடக் கார்பன் தாளின் நினைவுச் சின்னமே.

ஆகவே இளைஞர்களே, கருவியைக் கற்கும்போதே எந்தக் கருவிக்கும் வேண்டிய மொழியறிவையும், பிழையற எழுதும் பழக்கத்தையும், விண்ணப்பம் வரையும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியில் நாளும் ஒரு பக்கமேனும் பிழையின்றி எழுதிப் பழகுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அன்று பயிலகம் தந்த அந்த ஒரு மணி நேரத்தை, இன்று ஒரு கணினியின் முன் நம் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கட்டணமின்றித் தாருங்கள். அடுத்த கருவி வரும்போது நம் பிள்ளைகள் கடைசி வரிசையில் நிற்கலாகாது.