பிள்ளைகளின் விரலுக்கு எந்தக் கருவி?

(பங்காளர் கூடுகையில் எங்கள் கண் பிரிவின் மறுவாழ்வுப் பகுதி சார்பில் பேசியது)



கண் பிரிவைப் பற்றிப் பேசச் சொன்னால் வழக்கமாக ஆபரேஷன் கணக்கைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இந்த முறை, எந்த ஆபரேஷனாலும் பார்வை திரும்பாத பிள்ளைகளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டிருக்கிறோம். காரணம், ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்த கடிதம். கல்லூரியில் சேரப்போகிற பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு பிரெயில் நோட்டேக்கர் வாங்கித்தரக் காணிக்கை சேர்த்து வருவதாகவும், எது நல்லது என்று சொல்லும்படியும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறோம். உங்களில் பலர் இதே கேள்வியோடு வந்திருப்பதையும் அறிவோம்.

நோட்டேக்கர் என்பது பார்வையற்றோருக்கென்றே செய்யப்பட்ட சிறிய கணினி. திரை தேவையில்லை. பிரெயில் டைப்ரைட்டரில் இருப்பதுபோல ஆறு விசைகளும் நடுவில் இடைவெளி விசையும் இருக்கும். அடியில் ஒரு வரிசையாகச் சின்னஞ்சிறு ஊசிகள் எழும்பி எழும்பி அடங்கும். பிள்ளை அதைத் தடவிப் படிக்கும். 1987-ல் டீன் பிளேஸி என்பவர் அமெரிக்காவில் கொண்டுவந்த 'பிரெயில் அன் ஸ்பீக்' இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதில் ஊசி வரிசை கிடையாது, குரல் மட்டுமே. பிறகு ஊசி வரிசையோடு பிரெயில்நோட், பிரெயில்சென்ஸ் எல்லாம் வந்தன. ஸ்லேட்டில் ஸ்டைலஸ் கொண்டு குத்திக் குத்தி எழுதி, கத்தை கத்தையாகத் தடித்த தாளைச் சுமந்த ஒரு தலைமுறைக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பதை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம்.

விலைதான் மலைக்க வைக்கிறது. 32 கட்டமுள்ள நல்ல நோட்டேக்கர் ஒன்று ஐந்து லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. ஏன் இத்தனை என்று கேட்பீர்கள். ஒரு கட்டத்துக்கு எட்டு ஊசி; 32 கட்டத்துக்கு 256. ஒவ்வொரு ஊசியையும் தூக்க, மின்சாரம் பட்டால் வளைகிற பீங்கான் பட்டை ஒன்று வேண்டும். உலகத்தில் இதை வாங்குவோர் தொகை மிகச் சிறியது. ஆகவே கைபேசி விலை இறங்கியதுபோல இது இறங்கவில்லை.

இதற்கிடையில் கைபேசி வளர்ந்துவிட்டது. 2009-ல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும், அதே ஆண்டில் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தன. திரையில் விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று இவை வாய்விட்டுச் சொல்லும். டாக்பேக் 2020-ல் திரையிலேயே பிரெயில் எழுதும் வசதியைத் தந்தது. எல்லாரும் வாங்குகிற அதே கைபேசி, அதே விலை. ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட 'மணி' செயலியும் அதில் ஓடும். 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்திலிருந்து புத்தகமும் இறக்கிக்கொள்ளலாம். கெட்டுப்போனால் பக்கத்து டவுனில் பழுதுபார்க்கிறார்கள். ஒரு நோட்டேக்கரின் ஊசி வரிசை சிக்கிக்கொண்டு, அது கடல் கடந்து போய் ஏழு மாதம் கழித்துத் திரும்பியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த ஏழு மாதத்துக்குள் ஒரு கல்வியாண்டு முடிந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 2016-ல் வந்த பிரெயில்நோட் டச், 2013-ல் வெளியான ஆண்ட்ராய்டு 4.4-ஐ உள்ளே வைத்துக்கொண்டு வந்தது. பிறக்கும்போதே மூன்று வயது! சிறிய சந்தைக்குச் செய்கிற கருவி எப்போதும் இப்படிப் பின்தங்கியே நடக்கும்.

அப்படியானால் கைபேசி ஒன்றே போதுமே என்று சில நண்பர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் நாங்கள் கெட்டியாக நிற்கிறோம். போதாது. காதால் கேட்டே வளர்கிற பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் போகிறது. பள்ளி என்பதில் எந்த ளகரம்? மணம், மனம் இரண்டுக்கும் இயந்திரக் குரலில் எத்தனை வேறுபாடு கேட்கிறது? ண, ன, ந மூன்றுக்கும், ல, ள, ழ மூன்றுக்கும் பிரெயிலில் தனித்தனிப் புள்ளி அமைப்பு உண்டு. விரல் ஒருமுறை தடவினால் மறக்காது. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகம் புத்தகமாகக் கேட்டிருக்கிறான், கேட்டதை அழகாகச் சொல்கிறான். விண்ணப்பம் எழுதச் சொன்னால் வரிக்கு மூன்று பிழை. அவன் அறிவில் குறைவில்லை. எழுத்தை அவன் தொட்டதேயில்லை.

சபைக் காரியத்தையும் சொல்ல வேண்டும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அது சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது வேதவாசிப்பு ஆகாது. பீடத்தருகே நின்று விரலால் தடவித் தானே வாசிக்கிற வாலிபனைக் கேட்டவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியும். பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து நம் சபைகள் காத்துவந்த காரியம் இது.

ஆகவே எங்கள் பதில் இந்த இரண்டுக்கும் நடுவிலே இருக்கிறது: சாதாரணக் கைபேசி ஒன்று, அதோடு கம்பியில்லாமல் இணைகிற தனி பிரெயில் டிஸ்பிளே ஒன்று. ஊசி வரிசை மட்டும் டிஸ்பிளேயில். மற்ற வேலை எல்லாம் கைபேசியில். கைபேசி பழசானால் அதை மட்டும் மாற்றலாம், விலையுயர்ந்த ஊசி வரிசை நிலைத்திருக்கும். பல நாட்டுப் பார்வையற்றோர் நிறுவனங்கள் ஒன்றாய்ப் பணம் போட்டு உருவாகச் செய்த ஆர்பிட் ரீடர் என்னும் 20 கட்டக் கருவி, நோட்டேக்கர் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊசி மாறும்போது சற்றே சத்தமிடும், கொஞ்சம் மெதுவும்தான். ஆனாலும் கைபேசி இல்லாமலும் அதில் படிக்கலாம், குறிப்பு எழுதலாம்.

தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பிரெயிலில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு கட்டம், உயிர்க்குறிக்கு ஒரு கட்டம். 'படித்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல்லுக்கு 28 கட்டம் வேண்டும். 20 கட்ட வரிசையில் அந்த ஒரு சொல்லே அடங்காது! பள்ளிப் பிள்ளைக்கு 20 போதும் என்கிறோம். நாள் முழுவதும் படிக்கிற கல்லூரி மாணவருக்கு 40 கட்ட டிஸ்பிளே வாங்குங்கள். நோட்டேக்கரின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதும் உண்டு. எதை வாங்கினாலும், தமிழ் பிரெயிலைச் சரியாகக் காட்டுகிறதா என்று பிரெயில் தெரிந்த ஒருவரைத் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

நோட்டேக்கர் யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. கண்ணோடு காதும் கேளாதவர்களில் சிலருக்கும், வழுக்குகிற கண்ணாடித் திரையில் விரல் பழகாத பெரியவர்களுக்கும், எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அது தகும். திறந்தவுடன் எழுதலாம், எல்லாம் ஒரே பெட்டியில், வாட்ஸ்ஆப் தொல்லை குறைவு. இந்தக் கடைசிக் காரணத்தை ஓர் ஆசிரியர் எங்களிடம் மிகவும் வற்புறுத்திச் சொன்னார்!

பர்திமேயுவைக் கண்டபோது ஆண்டவரும் அவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவனிடமே கேட்டார் அல்லவா? நாங்களும் அந்த மாணவியைத் தகப்பனாரோடு வரவழைத்தோம். இரவல் வாங்கிய நோட்டேக்கர் ஒன்றையும், டிஸ்பிளேயையும் கைபேசியையும் மேஜைமேல் வைத்து, ஒரு மணி நேரம் அவளைத் தனியே விட்டுவிட்டோம். பிறகு கேட்டோம். "அக்கா, பெருசு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹாஸ்டல்ல அது காணாமப் போனா, அந்த அம்மாமாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றாள். தகப்பனார் கட்டட வேலை செய்கிறவர். விலையைக் கேட்டதிலிருந்து அவர் அந்தப் பெட்டியைத் தொடவேயில்லை.

சங்கத்தார் எங்கள் யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். அவளுக்கு 40 கட்ட டிஸ்பிளே, ஒரு நடுத்தரக் கைபேசி. பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கு 20 கட்டக் கருவி. மீதி, பழுதுபார்ப்பதற்கென்று தனிக் கணக்கில் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது கொஞ்சமே. தகுதியுள்ள பார்வையற்ற மாணவருக்கு அரசுத் திட்டங்களில் கைபேசி கிடைக்க வழி உண்டு. விண்ணப்பிக்க எங்கள் சமூகப் பணியாளர் உதவுவார். ஆகவே உங்கள் காணிக்கையை டிஸ்பிளேக்கும் பழுதுக் கணக்குக்கும் தாருங்கள். பழைய கைபேசிகளைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். புதிய டாக்பேக் அவற்றில் ஓடாது. வீட்டில் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் இருந்தால் அவற்றைப் பரணில் போடாமல் எங்களிடம் தாருங்கள். பரீட்சை ஹாலுக்குள் கைபேசியை விடமாட்டார்கள், ஸ்லேட்டை யாரும் தடுப்பதில்லை.

கருவிகள் இரண்டும் வாசலருகே மேஜையில் இருக்கின்றன. தேநீருக்குப் போகுமுன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்கள் மாணவர்கள் இருவர் அங்கே நிற்கிறார்கள். கேட்டால் உங்கள் பெயரை எழுதிக் காட்டுவார்கள்.