இரண்டு சாவடிகளுக்கு நடுவே

(உடுமலையில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகின்றேன். உடுமலையினின்று மூணாற்றுக்கு ஏறும் பேருந்து, சின்னாற்றுச் சாவடியில் தமிழக எல்லையைக் கடக்கின்றது. அங்கிருந்து மறையூர், தலையாறு வழியே மூணாறு வரை கேரள மாநில நெடுஞ்சாலை. மூணாற்றினின்று தேவிகுளம், பூப்பாறை கடந்து போடிமெட்டை அடைந்தால் மீண்டும் தமிழகம். ஓர் எல்லையில் வெளியேறி மற்றோர் எல்லையில் நுழையும் அவ்வழி நெடுகிலும் வழிகேட்கத் தமிழே போதும்!

பின் அம்மண் ஏன் நம்மிடம் இல்லை? 1954-இல் தடையை மீறித் தேவிகுளத்தில் நேசமணி சிறைப்பட்டார். அவ்வாண்டு ஆகத்து 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். 1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம், தெற்கே நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் தமிழகத்திற்குப் பரிந்துரைத்தது; தேவிகுளத்தையும் பீருமேட்டையும் மறுத்தது. அங்குத் தமிழரே மிகுதி என்பதை அது மறுக்கவில்லை. அம்மிகுதி தோட்ட வேலைக்கு வந்தவர்களால் ஆனது என்றது. 1956 நவம்பர் 1-இல் கோடு விழுந்தது.

அக்கரணியத்தைத்தான் மறையூரில் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். தேயிலை அம்மலைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில். மறையூர், காந்தலூர், கீழாந்தூர் முதலான அஞ்சுநாட்டு ஊர்களோ அதற்கு நெடுநாள் முற்பட்டவை. மதுரைப் பக்கமிருந்து வந்தோம் என்று தம் முன்னோர் வழக்கைச் சொல்லும் அவர்கள் கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சுகின்றனர். அவ்வெல்லத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதுவர் தம் வரவையும் மதுரையோடே இணைத்துப் பேசுகின்றனர். பாறைமேல் நிற்கும் கற்றிட்டைகளைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ? இவர்களுள் எவர் தேயிலை கிள்ள வந்தவர்? பாம்பாறும் சின்னாறுங்கூடக் கிழக்கே ஓடி உங்கள் அமராவதி அணையில்தான் விழுகின்றன.

தேயிலைக்கு வந்தோரே எனினும், தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்க்கு அம்மண்ணில் என்ன கிடைத்தது? பணி முடிந்தால் விட்டு நீங்கவேண்டிய இலயத்து அறை! 2020 ஆகத்து 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் மண்ணுள் போயின. மாண்டோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். நம் செய்தித்தாள்கள் சில நாள் எழுதின, பின்னர் மறந்தன. நாமும் மறந்தோம், அதை மறைப்பானேன்?

மலையாள உழவனோடு நமக்குப் பகையில்லை. இலயத்தில் வாழ்வார்க்கு வீட்டுமனை உரிமையும், அவர்தம் பிள்ளைகட்குத் தாய்மொழிக் கல்வியும் வேண்டும் என்பதே நம் கேட்பு. அவ்வழியில் தமிழில் பயிலும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். அவர்கட்குத் திங்கள்தோறும் ஒரு நூற்கட்டு அனுப்ப முடிவு செய்துள்ளோம். வாயிலில் பெட்டி வைத்திருக்கின்றது. வீட்டில் படித்து முடித்த நூல்கள் இருப்பின் வரும் ஞாயிற்றுக்குள் அதில் இடுங்கள். திங்கட்கிழமைக் காலைப் பேருந்தில் அவை ஏறவேண்டும்.